உஷார்! உங்கள் செய்தித்திரட்டியின் கதவு சாத்தியா இருக்கிறது?

சொந்தமாகச் செய்தித்திரட்டி நிறுவி ஓட்டுகிறீர்களா? முதலில் ஒரு வேலை செய்யுங்கள். கைத்தொலைபேசியில் வைஃபையை நிறுத்திவிட்டு, டேட்டாவில் உங்கள் சேர்வரின் ஐபி முகவரியையும் திரட்டியின் போர்ட் எண்ணையும் அடியுங்கள். லொகின் பக்கம் வருகிறதா? உங்களுக்கு வருவது ஊருலகத்துக்கே வரும்.

யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றுப் பாலத்தடியில் உள்ள தடுப்புக் கதவுகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது விளங்கும். மாரி வெள்ளம் கடலுக்கு இறங்கத் திறப்பார்கள். மற்ற நேரம் உவர்நீர் ஏறாமல் சாத்தியிருக்க வேண்டும். சாத்தியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பதுதான் ஆபத்து.

நான் அப்படித்தான் நினைத்தேன். மாதவாடகை சேர்வர் ஒன்றில் டொக்கர் வழியாக ஃபிரெஷ்ஆர்எஸ்எஸ் என்ற திரட்டியைப் போட்டேன். யூஎஃப்டபிள்யூ ஃபயர்வோலில் அதன் 8080 போர்ட்டை மூடினேன். மூடியிருக்கிறது என்றே அதுவும் காட்டியது. ஒருநாள் சேர்வரின் லொக் பதிவேட்டைத் திறந்தால், எங்கெங்கோ இருந்து 'அட்மின்' என்ற பெயரில் வரிசையாகத் தட்டிப் பார்த்திருக்கிறார்கள். காரணம் டொக்கர். வெளியே விடும் போர்ட்டுக்கான விதியை அது நேரே ஐபிடேபிள்ஸில் எழுதிவிடும். யூஎஃப்டபிள்யூ போட்ட தடை அந்தப் பாதையில் குறுக்கே வராது. மருந்து சின்னது: டொக்கர் அமைப்பில் 8080:80 என்று எழுதிய இடத்தில் 127.0.0.1:8080:80 என்று எழுதுங்கள். வெளியிலிருந்து வாசிக்க, வயர்கார்ட் அல்லது டெயில்ஸ்கேல் விபிஎன் போட்டு, 127.0.0.1 இன் இடத்தில் சேர்வருக்கு அது தரும் முகவரியை எழுதினால் போதும். வீட்டு மடிக்கணினி என்றால் றவுட்டர் ஒரு வேலியாக நிற்கும், போர்ட் ஃபோர்வேர்டிங் போட்டு நீங்களே அதை வெட்டாத வரை.

திரட்டி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 2013 ஜூலை 1 இல் கூகுள் தன் இலவசத் திரட்டியான ரீடரை மூடியபோது ஓசி வீட்டின் இலட்சணம் தெரிந்தது. 2018 மார்ச், 2019 ஏப்ரல், 2022 ஏப்ரல் என்று இலங்கையில் ஃபேஸ்புக்கை நிறுத்தியபோது, அதிலேயே செய்தி பார்த்துப் பழகியவர்கள் தவித்தார்கள். பத்திரிகைத் தளத்தின் ஆர்எஸ்எஸ் ஓடையைத் திரட்டியில் நேரே வாசித்தவருக்கு அந்தத் தவிப்பு இல்லை.

ஆனால் சொந்த வீடென்றால் காவலும் சொந்தம். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கறண்ட் நின்றது நினைவிருக்கும். பெரும்பாலான ஓடைகள் கடைசிப் பத்து, இருபது பதிவுகளைத்தான் தரும். இயந்திரம் இரண்டு நாள் படுத்தால் இடையில் வந்து போனவை திரட்டிக்குக் கிடையாது. ராஸ்பெரி பையில் ஓட்டுபவர்களுக்கு இன்னொரு பயம்: எழுதிக்கொண்டிருக்கும்போது கறண்ட் போனால் மெமரி கார்ட்டே கெட்டுப்போகலாம். சின்ன யூபிஎஸ் ஒன்று வாங்குங்கள். கடற்காற்றில் யூஎஸ்பி முனைகள் துருப்பிடிக்கின்றனவா என்றும் பாருங்கள்.

பிரதி எடுத்து வைத்திருக்கிறீர்களா? 2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் மேகச் சேர்வருக்குள் ரான்சம்வேர் புகுந்தது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் போனது போனதுதான், ஏறத்தாழ 5,000 முகவரிகளில். அங்கே ஓடியது பழைய பதிப்பு மென்பொருள். அந்தக் காலத்துக்குத் தனிப் பிரதியும் இல்லை. ஒரு அரசாங்கத்துக்கே அந்தக் கதியென்றால் மேசைக்கடியில் கிடக்கும் உங்கள் பெட்டி எம்மாத்திரம்?

இன்றிரவே திரட்டியைப் புதிய பதிப்புக்கு மாற்றுங்கள். ஓடைப் பட்டியலை ஓபிஎம்எல் கோப்பாக இறக்கிப் பென்டிரைவில் போட்டு, அந்தப் பென்டிரைவைக் கணினியிலிருந்து கழற்றி வையுங்கள்.