செய்யாற்றுச் செருப்பும் சென்னைத் துறைமுகமும்

திருவண்ணாமலை மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. ஆனால் செய்யாறு சிப்காட்டில் தயாராகும் காலணிகள் கப்பலேறித்தான் அயல்நாட்டுக் கடைகளுக்குப் போகின்றன. செய்யாற்றிலிருந்து காஞ்சிபுரம் வழியாக வரும் கண்டெய்னர் லாரிக்கு நசரத்பேட்டையில் இரண்டு வழிகள். நேரே மதுரவாயல் போய்ச் சென்னைத் துறைமுகத்தைப் பிடிக்கலாம். இல்லையேல் வெளிவட்டச் சாலையில் திரும்பி, மீஞ்சூர் வழியே காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகலாம். சென்னைத் துறைமுகம் இனி போட்டியில் நிற்குமா என்பது கப்பல்துறையைவிட இந்தச் சந்திப்பில்தான் முடிவாகும் என்பது என் கட்சி.

மாறத் தெரியாத துறைமுகமல்ல அது. நாட்டின் முதல் கண்டெய்னர் முனையம் 1983இல் அங்கேதான் வந்தது. ராயபுரத்து வீடுகளில் கரித்தூசு படிந்த வழக்கில், 2011 அக்டோபர் முதல் நிலக்கரியும் இரும்புத்தாதுவும் கையாளக் கூடாது என்றது உயர்நீதிமன்றம். 2010-11இல் சுமார் 6.1 கோடி டன்னாக இருந்த சரக்கு, இரண்டே ஆண்டுகளில் 5.3 கோடிக்கு இறங்கியது. நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது. கண்டெய்னரும் கார் ஏற்றுமதியும் சென்னையைத் தாங்கின. தானாக எடுக்கத் துணியாத முடிவை நீதிமன்றம் எடுக்கவைத்தது என்றே சொல்வேன்.

ஆழம்தானே முக்கியம், கொழும்பையும் விழிஞ்ஞத்தையும் பாருங்கள் என்பார்கள். அவை ஒரு கப்பலிலிருந்து இன்னொன்றுக்குச் சரக்கு மாற்றிப் பிழைக்கும் துறைமுகங்கள். அவற்றுக்கு ஆழமே மூலதனம். சென்னையின் சரக்கோ பெரும்பாலும் சாலையில் வருகிறது. பகலில் கனரக வாகனங்களுக்கு நகருக்குள் தடை. எண்ணூர் சாலையிலோ லாரி வரிசை. துறைமுகம்-மதுரவாயல் பறக்கும் சாலைக்கு 2009இல் அடிக்கல் நாட்டினார்கள். கூவத்தில் தூண்கள் நீரோட்டத்தை மறிக்கும் என்று 2012இல் வேலை நின்றது. ஈரடுக்கு மேம்பாலமாக 2022இல் மறுபடி அடிக்கல். கூவத்தைப் பற்றிய கவலை நியாயமானது. அதற்காகப் பத்தாண்டு காத்திருந்தது நியாயமில்லை. அந்த இடைவெளியில், 2013இல், காட்டுப்பள்ளி திறந்துவிட்டது.

அப்படியானால் எல்லாவற்றையும் வடக்கே மாற்றிவிடலாமே? பாதி சரி. நிலக்கரிக்கு எண்ணூர்தான் பொருத்தம். ஆனால் காட்டுப்பள்ளி விரிவாக்கத்தைப் பழவேற்காட்டு மீனவர்கள் எதிர்ப்பது வீம்புக்காக அல்ல. கரை அரிப்பும் ஏரியின் முகத்துவாரமும் அவர்களுடைய பிழைப்பு. கையிலிருக்கும் துறைமுகத்துக்கு வழிவிடாமல் புதுக்கரையைத் தோண்டுவது இரட்டைச் செலவு. ஈரடுக்கின் மேல்தளம் துறைமுக லாரிகளுக்கு என்பதுதான் திட்டம். அது முடியும்வரை, நசரத்பேட்டையில் வெளிவட்டச் சாலைக்குத் திரும்பும் ஓட்டுநரைக் குறைசொல்ல எவருக்கும் உரிமையில்லை.