கேரட்டும் கிட்டியும்: தொலைக்காட்சித் துப்பறிவாளர்களை முன்வைத்துச் சில குறிப்புகள்

தொலைக்காட்சித் துப்பறிவாளர்களில் யார் பெரிய ஆள் என்கிற விவாதம் எங்கே தொடங்கினாலும் மூளையின் எடையைப் பற்றிய விவாதமாகத்தான் முடிகிறது. 'ஹோம்ஸ்தான்யா, மத்தவனெல்லாம் அப்புறம்' என்று ஒருவர் ஆரம்பிப்பார். அவர் மனதில் இருப்பது கிரனாடா தொலைக்காட்சிக்காக 1984லிருந்து 1994 வரை ஜெரமி பிரெட் நடித்த ஹோம்ஸ். இன்னொருவர் டேவிட் சூஷேயின் பொய்ரோவைக் கொண்டுவருவார். 'கொலம்போவ விட்டுட்டீங்களே' என்று மூன்றாவது ஆள். தூர்தர்ஷன் மட்டுமே இருந்த காலத்துப் பிள்ளைகள் கரம்சந்த், ப்யோம்கேஷ் பக்ஷி என்று இழுப்பார்கள். அடுத்த தலைமுறைக்கு, 1998இல் தொடங்கி இருபது வருடம் ஓடிய (2024 கடைசியில் திரும்பவும் வந்த) 'சிஐடி'யில் தயா கதவை உடைப்பதுதான் துப்பறிதல். யார் சீக்கிரம் கண்டுபிடித்தார், யார் சின்னத் தடயத்திலிருந்து பெரிய உண்மைக்குப் போனார் என்பதே அளவுகோல்.

இந்த அளவுகோலை மாற்றிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. ஒவ்வொரு துப்பறிவாளனின் கடைசிக் காட்சியையும் அப்படியே தூக்கிக்கொண்டுபோய் செங்கல்பட்டு செஷன்ஸ் கோர்ட்டில் வைத்தால் என்ன ஆகும்? ஏன் செங்கல்பட்டு என்பது பின்னால் வரும்.

துப்பறியும் கதையில் இரண்டு கதைகள் இருப்பதாகத் தொதோரோவ் 1966இல் எழுதினார். ஒன்று குற்றத்தின் கதை. அது முன்பே நடந்து முடிந்து, மறைந்து கிடப்பது. மற்றது புலனாய்வின் கதை. நாம் பார்ப்பது இதை மட்டுமே. இரண்டாவது கதை முதலாவதைத் தோண்டி எடுத்து முன்னால் வைத்ததும் பிரதி மூடப்படுகிறது. இந்த மூடலுக்கு ஒரு முத்திரை தேவைப்படுகிறது. வரவேற்பறையில் எல்லோரையும் உட்கார வைத்துப் பொய்ரோ கதை சொல்கிறார். சொல்லி முடித்ததும் ஒருவர் எழுந்து 'ஆமாம், நான்தான்' என்கிறார். ஏசிபி பிரத்யுமனின் கூட்டத்தில் ஒரு அறை விழுகிறது, அதே 'ஆமாம்' வருகிறது. அந்தச் சொல் வராவிட்டால் முன்னால் சொன்ன அத்தனை தர்க்கமும் வெறும் ஊகம்தான். தர்க்கத்தின் வெற்றி என்று நாம் கைதட்டுகிற இடத்தில் நடப்பது உண்மையில் ஒப்புதல் வாக்குமூலம். மேற்கத்திய மனிதன் ஒப்புக்கொள்ளும் விலங்காக ஆகிவிட்டான் என்று ஃபூக்கோ சொன்னதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இந்த 'ஆமாம்' செங்கல்பட்டில் செல்லாது. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்பது 1872ஆம் வருடத்து இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியமில் அதுவே 23ஆம் பிரிவு. நீதித்துறை நடுவர் முன்னால் சொன்னால்தான் கணக்கு. பொய்ரோ போலீஸ்காரர் இல்லையே, தனி ஆள்தானே என்று அரசு வக்கீல் வாதாடலாம். ஆனால் வாசலில் இன்ஸ்பெக்டர் ஜாப் நிற்கிறாரே, இது காவலில் இருந்தபோது சொன்னது இல்லையா என்று எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும்.

இந்த விதி எங்கிருந்து வந்தது? நம்ம ஊரிலிருந்து. சென்னை மாகாணத்தில் வரி வசூலுக்கும் குற்ற விசாரணைக்கும் கீழ்நிலைச் சிப்பந்திகள் சித்திரவதையைப் பயன்படுத்தியதை விசாரிக்க எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகியோரைக் கொண்ட ஆணையம் அமைக்கப்பட்டு, 1855இல் அறிக்கை வந்தது. அதில் திரும்பத் திரும்ப வரும் இரண்டு தமிழ்ச் சொற்கள் கிட்டியும் அண்ணந்தாளும். கிட்டி என்பது கையையோ விரலையோ இடையில் வைத்து நெரிக்கும் மரக் கட்டைகள். அண்ணந்தாள் என்பது ஆளை வளைத்துக் கயிற்றால் கட்டிப் போடுவது. இந்த அனுபவத்தின் பின்னணியில்தான் 1861ஆம் வருடத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் போலீஸிடம் சொன்ன வாக்குமூலத்தை ஒதுக்கியது. 1872இல் அது சாட்சியச் சட்டத்துக்குள் போனது. ஒரு சின்ன வேடிக்கை. இந்தியத் தொலைக்காட்சியின் முதல் பிரபலத் துப்பறிவாளரான கரம்சந்த் (1985, பங்கஜ் கபூர்) எந்நேரமும் கேரட் கடித்துக்கொண்டிருப்பார். அவருடைய உதவியாளரின் பெயர் கிட்டி. 'வாயை மூடு கிட்டி' என்று அவர் அதட்டாத வாரம் கிடையாது. நம் சட்டத்தின் 25ஆம் பிரிவும் ஏறக்குறைய அதையேதான் வேறு கிட்டியைப் பார்த்துச் சொன்னது.

இந்தச் சோதனையில் ஓரளவு தேறுகிறவர் கொலம்போ. பீட்டர் ஃபாக் 1968இல் முதன்முதலாக அந்தக் கசங்கிய மழைக்கோட்டைப் போட்டார், 2003 வரை கழற்றவில்லை. கொலை செய்தவர் யார் என்பது தொடக்கத்திலேயே நமக்குக் காட்டப்பட்டுவிடுகிறது. ஆகவே கேள்வி 'யார்' என்பதல்ல, 'எப்படி நிரூபிப்பாய்' என்பது. கொலையாளி பெரும்பாலும் பணக்காரர், படித்தவர், பெரிய வீட்டுக்காரர். துப்பறிகிறவரோ வாசல் கம்பளத்தில் கால் வைக்கவே கூச்சப்படுகிற மாதிரி நடிக்கிற சம்பளக்காரர். வர்க்கப் பார்வையில் இது பொய்ரோவின் உலகத்தைத் தலைகீழாக்குவது. கொலம்போவை உருவாக்கிய லெவின்சனும் லிங்க்கும் 'குற்றமும் தண்டனையும்' நாவலின் போர்ஃபிரியிடமிருந்து எடுத்துக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். போர்ஃபிரியின் கையிலும் உறுதியான சாட்சியம் இல்லை, பேச்சு மட்டும்தான். 1966இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மிராண்டா தீர்ப்பைத் தந்தது. காவலில் இருப்பவரை விசாரிப்பதற்கு முன்னால் பேசாதிருக்கும் உரிமையைச் சொல்லியாக வேண்டும். கொலம்போ யாரையும் காவலில் எடுக்காமலேயே பேசுகிறார். வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்து 'இன்னும் ஒண்ணே ஒண்ணு' என்கிறார். சட்டம் கட்டிய சுவரைத் தாண்டாமல் அதன் ஓரமாகவே நடந்து போகிற மனிதர். ஆனாலும் கடைசியில் அவருக்கும் அந்த முகபாவம், அந்தச் சிறிய தலையசைப்பு வேண்டியிருக்கிறது. அதற்கப்புறம் நடக்கும் வழக்கை நாம் பார்ப்பதில்லை.

தமிழில் கதை வேறு மாதிரி போயிருக்கிறது. ஆரணி குப்புசாமி முதலியார், ஜே.ஆர். ரங்கராஜு காலத்திலிருந்து நமக்குத் துப்பறிவாளர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அரை நூற்றாண்டாக நிலைத்து நிற்கிற ஜோடி யார் என்று பார்த்தால் சுஜாதாவின் கணேஷும் வசந்தும். இருவரும் வக்கீல்கள். 1968இல் வந்த 'நைலான் கயிறு' தொடங்கி அவர்களுக்குக் கண்டுபிடிப்பது மட்டும் போதாது, கோர்ட்டில் நிற்குமா என்றும் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஒப்புதலில் முடிகிற மேற்கத்திய வடிவம் இங்கே வக்கீலின் கோட்டைப் போட்டுக்கொண்டது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

இன்னொரு எல்லையில் தேவனின் துப்பறியும் சாம்பு. தூர்தர்ஷனில் காத்தாடி ராமமூர்த்தி அவரைத் திரையில் நடமாட விட்டார். சாம்புவுக்குத் தர்க்கம் என்பதே கிடையாது. ஏதோ உளறுவார், எங்கோ தடுக்கி விழுவார், விழுந்த இடத்தில் திருடன் இருப்பான். அந்த உளறலுக்குள் ஆழமான திட்டம் இருப்பதாக இன்ஸ்பெக்டர் கோபாலன் படித்துக்கொள்வார். பிரதிக்கு அர்த்தம் தருவது வாசகன்தான் என்று நாம் பிரெஞ்சுக்காரர்களை மேற்கோள் காட்டிப் பக்கம் பக்கமாக எழுதினோம். ஆனந்த விகடன் வாசகர்களுக்கு அது நாற்பதுகளிலேயே தெரிந்திருந்தது. நகைச்சுவைக்குக் கீழே கொஞ்சம் பயமும் இருக்கிறது. தடயம் எதுவாக இருந்தாலும் போலீஸ் நினைத்தபடி அது வாசிக்கப்பட்டுவிடும் என்பதே அந்தக் கதைகளின் அடித்தளம். தேவன் நல்லவர், அகப்படுகிறவன் எப்போதும் உண்மையான குற்றவாளியாகவே இருக்கும்படி பார்த்துக்கொண்டார்.

ஒரே தடயத்தை இரண்டு விதமாக வாசிக்க முடிந்தால் என்ன செய்வது? செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கிழக்கே முப்பது கிலோமீட்டர் போனால் இந்தக் கேள்வி பாறையில் செதுக்கப்பட்டு நிற்கிறது. மாமல்லபுரத்துப் பெரும் சிற்பத்தில் ஒருவர் ஒற்றைக் காலில் நின்று கைகளை உயர்த்தித் தவம் செய்கிறார், பக்கத்தில் சிவன். பாசுபதம் கேட்கும் அர்ச்சுனன் என்பது ஒரு வாசிப்பு. இல்லை, நடுவில் பிளவு இருக்கிறது, அதில் நாகர்கள் இருக்கிறார்கள், மேலே நீர் தேக்கும் இடம் இருக்கிறது, ஆகவே இது கங்கையை இறக்கும் பகீரதன் என்றார் 1914இல் விக்தர் கொலுபெவ். தடயங்கள் இரண்டு தரப்புக்கும் வலுவாகவே இருக்கின்றன. இரண்டு பொருளும் வேண்டுமென்றே வைக்கப்பட்டவை, அந்தத் தெளிவின்மையே பல்லவ அரசியலின் விளையாட்டு என்று பத்மா கைமல் 1994இல் எழுதினார். கீழே ஒரு பூனையும் அதே தவக்கோலத்தில் நிற்கிறது, காலடியில் எலிகள். மேலே இருப்பவரின் தடயங்கள் அத்தனையும் பூனையிடமும் இருக்கின்றன. ஹோம்ஸ் அந்தப் பூனையை முனிவர் என்று முடிவு கட்டியிருக்க மாட்டார் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

கலை வரலாறு இரண்டு வாசிப்புகளையும் வைத்துக்கொள்ளலாம். நீதிமன்றத்துக்கும் ஒரு வழி உண்டு. இரண்டு முடிவுகளுக்கு இடமிருந்தால் குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமானதை எடுக்க வேண்டும். தொலைக்காட்சித் துப்பறிவாளனால் மட்டும்தான் இரண்டைத் தாங்க முடியாது. அவனுக்கு ஒன்றே ஒன்று வேண்டும், அதுவும் விளம்பர இடைவேளை போக நாற்பது நிமிடத்துக்குள்.

இப்போது செங்கல்பட்டுக்கு வருவோம். 1991 மே 21ஆம் தேதி இரவு, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அதற்குப் பத்தாம் நாள், மே 31 அன்று, செங்கல்பட்டு செஷன்ஸ் நீதிமன்றம் ஆறு கொலைகளுக்காக ஆட்டோ சங்கருக்கு மரண தண்டனை விதித்தது. இரண்டும் பின்னால் தொடர்களாயின. 'ஆட்டோ சங்கர்' 2019இல் ஜீ5 தளத்தில் வந்தது. ராஜீவ் கொலை விசாரணை பற்றிய 'தி ஹன்ட்' 2025இல் சோனி லிவ் தளத்தில். ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய சுயசரிதையில் போலீஸ் அதிகாரிகளுடனான உறவும் இருந்ததாகச் சொல்லப்பட்டது. அதை வெளியிடவிடாமல் செய்ய அதிகாரிகள் முயன்றபோது நக்கீரன் உச்ச நீதிமன்றம் போனது. வெளியீட்டை அரசு முன்கூட்டித் தடுக்க முடியாது என்று 1994இல் தீர்ப்பு வந்தது. இந்தக் கதையில் துப்பறிந்தவர் யார், துப்பறியப்பட்டவர் யார் என்று பிரிப்பது சுலபமில்லை.

'தி ஹன்ட்' தொடருக்கு மூலமான புத்தகத்தின் பெயரே 'தொண்ணூறு நாட்கள்'. கொலை நடந்த இடத்தில் கிடந்த கேமராவின் படச்சுருளிலிருந்து தொடங்கி, ஆகஸ்டில் பெங்களூருக்கு அருகே சிவராசன் செத்துக் கிடந்தது வரை. துப்பறியும் கதையாக இதற்குக் குறையே சொல்ல முடியாது. அந்தப் படச்சுருளைச் சிறப்புப் புலனாய்வுக் குழு வாசித்த விதம் ஹோம்ஸுக்கு இணையானது என்றே சொல்வேன். ஆனால் வழக்கு தொண்ணூறு நாளில் முடியவில்லை. தடா சட்டத்தின் 15ஆம் பிரிவு, 1861இலிருந்து சாத்தி வைத்திருந்த கதவைத் திறந்துவிட்டது, எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லும். 1998 ஜனவரியில் பூந்தமல்லி தனி நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை கொடுத்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடா குற்றமே நிரூபணமாகவில்லை என்றது, அந்த வாக்குமூலங்கள் மட்டும் செல்லும் என்றது. 26இல் மிஞ்சியவர்கள் ஏழு பேர், அவர்களில் நான்கு பேருக்குத் தூக்கு.

அந்த நான்கு பேரில் ஒருவர் பேரறிவாளன். கைதானபோது வயது 19. சிவராசனுக்கு இரண்டு 9 வோல்ட் பேட்டரிகள் வாங்கிக் கொடுத்தார் என்பது அவர்மீதான குற்றச்சாட்டின் மையம். அந்த வாக்குமூலத்தைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரியே, ஓய்வு பெற்றபின் 2013இல், பேட்டரிகள் எதற்கு என்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்னதைத் தான் எழுதவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். பேரறிவாளன் விடுதலையானது 2022 மே 18ஆம் தேதி, ஏறக்குறைய 31 வருடங்கள் கழித்து.

இதை வைத்துக்கொண்டு பழைய விவாதத்துக்குப் போனால் நம் கண்ணில் படாத ஒரு ஆள் அங்கே உட்கார்ந்திருப்பது தெரிகிறது: எழுதுகிறவர். ஹோம்ஸுக்கு வாட்சன், பொய்ரோவுக்கு ஹேஸ்டிங்ஸ், ப்யோம்கேஷுக்கு அஜித். கண்டுபிடிப்பவர் ஒருவர், பதிவு செய்பவர் வேறொருவர். ப்யோம்கேஷ் தன்னைத் துப்பறிவாளன் என்று சொல்லிக்கொள்வதில்லை. சத்தியான்வேஷி, உண்மையைத் தேடுகிறவன். சரதிந்து பந்தோபாத்யாயின் 'ஆதிம் ரிபு' கதையில், 1947 ஆகஸ்டில், கொலை செய்தவனை அவன் போலீஸிடம் ஒப்படைப்பதில்லை. அதையும் அஜித்தான் நமக்கு எழுதித் தருகிறான். 1993இல் பாசு சாட்டர்ஜி இதைத் தொடராக எடுத்தபோது ரஜித் கபூரின் சாந்தமான முகத்தைத்தான் எல்லோரும் பார்த்தோம். பக்கத்தில் கே.கே. ரெய்னாவின் அஜித்தை அதிகம் பேர் ஞாபகம் வைத்திருக்கவில்லை. என்னைக் கேட்டால் பட்டியலில் முதல் இடம் அந்த ஜோடிக்கு, அஜித்தையும் சேர்த்து.