படிப்பவர் கையில் பேனா வேண்டா

பேரேட்டைப் பார்வையிட வருபவரிடம் பேரேட்டைக் காட்டுகிறோம். திருத்தும் பேனாவைக் கொடுப்பதில்லை. கணினியில் தேடற் களஞ்சியம் அமைப்போர் பலர் இந்த எளிய விதியை மறந்துவிடுகின்றனர்.

2010-ஆம் ஆண்டில் வெளிவந்த 'எலாஸ்டிக்சர்ச்' என்னும் தேடல் சர்வரை எடுத்துக்கொள்வோம். இலட்சக்கணக்கான ஆவணங்களைச் சொல்வாரியாக அட்டவணைப்படுத்தி, கேட்டதை நொடியில் எடுத்துத் தருவது அது. தேடவும், எழுதவும், அழிக்கவும் கட்டளைகள் செல்வது ஒரே வாயில் வழியே.

அபாயம் இங்கேதான் இருக்கிறது. 'இன்ன ஆண்டுக்கு முற்பட்டவற்றைக் காட்டு' என்னும் கட்டளையும், 'அவற்றை அழித்துவிடு' என்னும் கட்டளையும் ஏறக்குறைய ஒரே வடிவின. முகவரியின் இறுதியில் 'சர்ச்' என்று வரவேண்டிய இடத்தில் 'டெலிட் பை குவெரி' என்று வந்துவிட்டால், தேடியவை யாவும் அழிந்துபோம். இரண்டும் 'போஸ்ட்' முறையிலேயே செல்லக்கூடுமாதலால், அம்முறையை அடைத்தால் அவ்வழியே செல்லும் தேடலும் நின்றுவிடும்.

எனவே செய்யத்தக்கவை யாவை?

முதலாவது, தேடுவோருக்கு 'ரீட்' உரிமை மட்டும் கொண்ட தனிக் கணக்கு வேண்டும். எழுதும் கணக்கை எழுதும் வேளையிலன்றித் தொடலாகாது.

இரண்டாவது, எழுதி முடிந்த அட்டவணையைப் பூட்டிவிட வேண்டும். 'ரைட்' தடை ஆவணங்களை மட்டும் காக்கும். அட்டவணையையே நீக்குவதைத் தடுக்காது. 'ரீட் ஒன்லி' தடையோ இரண்டையும் தடுக்கும். பூட்டைத் திறக்கும் அதிகாரம் பொறுப்பாளரிடம் மட்டுமே இருத்தல் நலம்.

மூன்றாவது, பெயர் குறிப்பிடாமல் நட்சத்திரக் குறியிட்டு எல்லா அட்டவணைகளையும் ஒருசேர நீக்க இயலாதபடி செய்ய வேண்டும். 2022-இல் வந்த 8.0 பதிப்பு முதல் இக்காவல் தானாகவே அமைந்துள்ளது. முந்தைய பதிப்புகளை வைத்திருப்போர் தாமே அமைத்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவுக்குப் பின்னும் ஓர் எச்சரிக்கை. 'ரெப்ளிகா' எனப்படும் இணைப்பிரதி இருக்கிறதே என்று நிம்மதி கொள்ளலாகாது. மூலத்தில் அழிந்தது பிரதியிலும் உடனே அழியும். 'ஸ்னாப்ஷாட்' எடுத்து வேறிடத்தில் வைப்பதே காப்பு. அதிலிருந்து மீட்டெடுக்க முடிகிறதா என்று அவ்வப்போது சோதித்தலும் அவசியம்.

தணிக்கை அலுவலில் நான் கண்ட உண்மை ஒன்று: பிழைகளிற் பெரும்பாலானவை வஞ்சகத்தால் விளைவன அல்ல, அவசரத்தாலும் அசதியாலும் விளைவன. ஆகவே, 'ஜாக்கிரதையாக இருங்கள்' என்று சொல்வதோடு நில்லாமல், அசந்த கையும் அழிக்க இயலாதபடி ஏற்பாடு செய்வதே நிர்வாகம்.