முதலில் நகல், பிறகு ஃபார்மட்

2024 ஜூலை 19 அன்று உலகம் முழுவதும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரை காட்டி முடங்கின. இந்திய விமான நிலையங்கள் சிலவற்றில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு கோப்புதான் காரணம். சேஃப் மோடில் நுழைந்து அதை அழித்ததும் கணினிகள் பழையபடி இயங்கின. பயனாளர்களின் ஆவணங்களையோ படங்களையோ அந்தப் பிழை தொடவே இல்லை.

இயங்குதளம் பழுதாவது வேறு, நம் கோப்புகள் அழிவது வேறு. வீட்டுக் கணினி திறக்க மறுக்கும்போது இதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். கோப்புகளுக்கு உண்மையான ஆபத்து அதற்குப் பிறகு வருகிறது. "விண்டோஸ் போயிடுச்சு, ஃபார்மட் அடிச்சு ஓஎஸ் போட்டாத்தான் சரியாகும்" என்று ஒருவர் சொல்ல, நாம் தலையாட்டும் நேரம் அது. விண்டோஸை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து எத்தனை முறை வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். பிள்ளையின் முதல் பிறந்தநாள் படங்களும், கடையின் ஐந்தாண்டுக் கணக்கும், பாதி எழுதிய ஆய்வேடும் வேறெங்கும் கிடைக்காது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பழைய கணினியில் புதிய இயங்குதளம் போடும் வேலை பல வீடுகளில் இனி நடக்கும் என்பதால், இந்தக் கவனம் இப்போது இன்னும் தேவைப்படுகிறது.

பழுது எங்கே?

கணினி திறக்காததற்குக் காரணம் இயங்குதளமா, கோப்புகள் இருக்கும் வட்டா (ஹார்ட் டிஸ்க்) என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். ஹார்ட் டிஸ்கிலிருந்து 'டிக் டிக்' என்ற சத்தம் வந்தாலோ, விண்டோஸுக்கு முன்பே திறக்கும் பயாஸ் அமைப்புத் திரையில் வட்டின் பெயரே தெரியாவிட்டாலோ, பழுது பெரும்பாலும் வட்டில்தான். உடனே கணினியை அணைத்துவிடுங்கள். மறுபடி மறுபடி ஆன் செய்தால் மீட்க முடிந்ததும் போய்விடும். அத்தகைய வட்டைத் தரவு மீட்பு செய்பவரிடமே கொடுக்க வேண்டும்.

வட்டு நன்றாக இருந்து விண்டோஸ் மட்டும் மக்கர் செய்தால் ஃபார்மட் கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும். விண்டோஸ் தொடங்கும்போதே பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைப்பதை இரண்டு மூன்று முறை செய்தால், அடுத்த முறை பழுதுநீக்கும் திரை தானாக வரும். ஸ்டார்ட்அப் ரிப்பேர், சிஸ்டம் ரீஸ்டோர், கடைசியாக வந்த அப்டேட்டை நீக்குதல், சேஃப் மோடு ஆகிய நான்கும் அங்கே உண்டு. அவை கைகொடுத்தால் ஃபார்மட்டே தேவையில்லை. அங்கேயே 'ரீசெட்' என்ற வசதியும் இருக்கிறது. அதில் 'கீப் மை ஃபைல்ஸ்' என்பதைத் தேர்ந்தால் சொந்தக் கோப்புகள் இருக்கும், நாம் நிறுவிய மென்பொருள்கள் நீங்கும். 'ரிமூவ் எவ்ரிதிங்' என்பதைத் தொட்டால் எல்லாமே போகும். எதைத் தேர்ந்தாலும் நகல் எடுத்த பிறகே தேர்வு செய்யுங்கள்.

எதை எடுக்க மறந்துவிடுகிறோம்?

டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் எல்லாம் வழக்கமாக சி டிரைவில், யூசர்ஸ் என்ற கோப்புறைக்குள் நம் பெயரில் இருப்பவை. சி டிரைவை ஃபார்மட் செய்தால் இவை அனைத்தும் போகும். "டி டிரைவில் வைத்தால் பத்திரம்" என்ற நம்பிக்கையும் பாதிதான் உண்மை. பல கணினிகளில் சி, டி இரண்டும் ஒரே வட்டின் இரு பகுதிகள். இன்ஸ்டால் செய்பவர் எல்லாப் பகுதிகளையும் நீக்கிவிட்டுப் புதிதாகப் பிரித்தால் டி டிரைவும் காலி.

இவை தவிர, கண்ணில் படாத இடங்களிலும் நம் உழைப்பு இருக்கிறது. டேலி கணக்கு மென்பொருள் வைத்திருப்பவர்கள் அதன் 'டேட்டா' கோப்புறை எங்கே என்று மென்பொருளுக்குள்ளேயே பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். அது பெரும்பாலும் சி டிரைவில்தான் இருக்கும். அவுட்லுக் அஞ்சல்கள், பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள், புக்மார்க்குகள் ஆகியவற்றையும் மறந்துவிடக் கூடாது.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இன்னொரு இழப்பும் காத்திருக்கிறது. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் உள்ளுக்குள் ஆங்கிலக் குறிகளாகவே சேமிக்கப்பட்டிருக்கும். எழுத்துருதான் அவற்றுக்குத் தமிழ் உருவம் தருகிறது. கோப்பை மட்டும் எடுத்துவைத்து எழுத்துருவை விட்டுவிட்டால், புதிய விண்டோஸில் திருமண அழைப்பிதழும் கோயில் மலரும் படிக்க முடியாத ஆங்கில எழுத்துகளாகத் திறக்கும். ஆகவே விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் 'ஃபான்ட்ஸ்' கோப்புறையையும் சேர்த்து நகல் எடுங்கள். நேரம் கிடைக்கும்போது பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிவிட்டால் இந்தக் கவலையே இருக்காது.

விண்டோஸ் திறக்காமலே கோப்புகளை எடுக்கலாம்

முதல் வழிக்கு ஒரு பென் டிரைவ் அல்லது வெளி ஹார்ட் டிஸ்க் போதும். பழுதுநீக்கும் திரையில் 'கமாண்ட் பிராம்ட்'டைத் திறந்து நோட்பேட் என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். அதில் ஃபைல் மெனுவில் ஓபன் கொடுத்து, கோப்பு வகையை 'ஆல் ஃபைல்ஸ்' என மாற்றினால் வட்டில் உள்ளவை எல்லாம் தெரியும். வேண்டிய கோப்புறையின் மேல் ரைட் கிளிக் செய்து காப்பி கொடுத்து, வெளி வட்டில் பேஸ்ட் செய்யலாம். அங்கே டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கக்கூடும். சி என்பது டி ஆகத் தெரிந்தால் பதற வேண்டாம். நகல் ஓடும்போது எத்தனை சதவீதம் முடிந்தது என்று காட்டாது. திரை உறைந்ததுபோல இருந்தாலும் பொறுமையாகக் காத்திருங்கள்.

இரண்டாவது வழி, லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளம். வேறொரு கணினியில் உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட்டை இலவசமாக இறக்கி, பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடங்கலாம். 'இன்ஸ்டால்' என்பதைத் தொடாமல் 'டிரை' என்பதைத் தேர்ந்தால் வட்டில் எதுவும் மாறாது. கோப்புகளைப் பார்த்து நகல் எடுத்துக்கொள்ளலாம். தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. அத்தகைய கணினியில் விண்டோஸ் படுத்துவிட்டால் பாஸ் லினக்ஸ் வழியாகவே உள்ளே போகலாம்.

மூன்றாவது வழி, வட்டைக் கழற்றி யுஎஸ்பி உறையில் பொருத்தி வேறு கணினியில் இணைப்பது. கழற்றத் தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை இது.

ஒரு எச்சரிக்கை. புதிய மடிக்கணினிகள் பலவற்றில் பிட்லாக்கர் என்ற பூட்டு நாம் கேட்காமலே போடப்பட்டிருக்கும். மேலே சொன்ன எந்த வழியில் போனாலும் அது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். கிரவுட்ஸ்ட்ரைக் முடக்கத்தின்போதும் பல நிறுவனங்களைத் தாமதப்படுத்தியது இந்தச் சாவிதான். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து கணினியை அமைத்திருந்தால் சாவி பெரும்பாலும் அந்தக் கணக்கிலேயே இருக்கும். கைப்பேசியில் பார்த்துக்கொள்ளலாம். சாவியே தொலைந்துவிட்டால் மைக்ரோசாஃப்ட்டாலும் திறந்து தர முடியாது. கணினி நன்றாக இருக்கும்போதே அதை ஒரு தாளில் எழுதிவைத்துவிடுங்கள்.

நகல் முடிந்ததும் வெளி வட்டை வேறொரு கணினியில் இணைத்து, சில படங்களையும் கணக்குகளையும் திறந்து பாருங்கள். கோப்பின் பெயர் தெரிவது மட்டும் போதாது, திறக்க வேண்டும். 4 ஜிபிக்கு மேற்பட்ட வீடியோ ஏறவில்லை என்றால் பென் டிரைவ் ஃபேட்32 அமைப்பில் இருக்கலாம். அதை எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றினால் அப்போது அதில் உள்ளவை அழியும் என்பதால், காலியான பென் டிரைவில் மட்டும் மாற்றுங்கள்.

கடையில் கொடுக்கும்போது

கணினி உங்களுடையது, அதில் உள்ள தரவும் உங்களுடையது. அதைப் பார்க்கவும் எடுக்கவும் அழிக்கவும் உங்கள் அனுமதி வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆம் பிரிவு, உரிமையாளர் அனுமதியின்றித் தரவை நகல் எடுப்பதையும் அழிப்பதையும் இழப்பீட்டுக்குரிய தவறு என்கிறது. அதையே நேர்மையற்ற நோக்கத்துடன் செய்தால் 66-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

இந்த ஆபத்து கற்பனை அல்ல. ஹாங்காங் நடிகர் ஒருவர் பழுது பார்க்கக் கொடுத்த மடிக்கணினியிலிருந்து நகலெடுக்கப்பட்ட அந்தரங்கப் படங்கள் 2008-இல் இணையத்தில் பரவின. கடையின் தொழில்நுட்பர் அடுத்த ஆண்டு சிறைக்குப் போனார். அதற்குள் படங்களில் இருந்த பெண்களின் வாழ்வு சந்திக்கு வந்துவிட்டது. கணினி ஓரளவு இயங்கும் நிலையில் இருந்தால், அந்தரங்கமானவற்றை வெளி வட்டுக்கு மாற்றிவிட்டுக் கொடுங்கள். மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களைக் கைப்பேசியிலிருந்தே மாற்றிவிடுங்கள்.

கடைக்காரரிடம் வாய்ப்பேச்சோடு நிற்க வேண்டாம். ஜாப் ஷீட்டில் "தரவு வேண்டும், என்னைக் கேட்காமல் ஃபார்மட் செய்யக் கூடாது" என்று எழுதச் சொல்லி, கையொப்பமும் தேதியும் வாங்குங்கள். அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அவருக்கே அனுப்பிவையுங்கள். வாரண்டியில் இருக்கும் கணினி என்றாலும் தரவுக்குப் பெரும்பாலும் பொறுப்பேற்க மாட்டார்கள் என்பதால், நகல் எடுக்கும் வேலை நம்முடையதே.

அழிந்துவிட்டால்?

அந்த வட்டில் வேறு எதையும் எழுதாதீர்கள். மென்பொருள் நிறுவுவதும் படம் இறக்குவதும்கூட வேண்டாம். பழைய ஹார்ட் டிஸ்கில் 'குயிக் ஃபார்மட்' மட்டும் நடந்திருந்தால், ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருளை வேறொரு கணினியிலிருந்து இயக்கி நிறைய மீட்கலாம். எஸ்எஸ்டி வகை வட்டில் 'டிரிம்' என்ற செயல்பாடு அழித்த இடத்தைத் தானே துடைத்துவிடுவதால் மீட்கும் வாய்ப்பு மிகக் குறைவு. ஃபார்மட் செய்யாமல் விண்டோஸ் மட்டும் மறுபடி போட்டிருந்தால், சி டிரைவில் 'விண்டோஸ்.ஓல்டு' என்ற கோப்புறை இருக்கிறதா என்று உடனே பாருங்கள். பழைய கோப்புகள் அதற்குள் இருக்கலாம். அது நிரந்தரம் அல்ல, சில நாட்களில் நீங்கிவிடும்.

எழுத்தில் சொல்லியும் கடை அழித்துவிட்டால் அது சேவைக் குறைபாடு. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யுங்கள். தீராவிட்டால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி வழக்கறிஞர் இல்லாமலே வாதாடலாம். சேவைக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. ரசீது, ஜாப் ஷீட், வாட்ஸ்அப் செய்தி ஆகிய மூன்றும்தான் அங்கே உங்களுக்காகப் பேசும். தரவைத் திருடியிருந்தால் சைபர் குற்றப் பிரிவு காவல் நிலையத்திலோ தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ புகார் கொடுங்கள். வங்கிப் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.

ஆனால் எந்த ஆணையமும் இழப்பீட்டைத்தான் வாங்கித் தரும், இறந்துபோன தந்தையின் குரல் பதிவை அல்ல. அதற்கு ஒரே காப்பு முன்கூட்டி எடுத்த நகல்தான். வீட்டில் ஒரு வெளி வட்டில் ஒரு நகலும், வெளியே கிளவுடிலோ உறவினர் வீட்டிலோ இன்னொரு நகலும் வையுங்கள். வட்டை மாதம் ஒரு முறை இணைத்துப் புதுப்பித்துவிட்டு, உடனே கழற்றி எடுத்துவையுங்கள். இணைத்தபடியே விட்டால் வைரஸ் வரும்போது அதையும் சேர்த்துக் கெடுக்கும். இதை இன்றே செய்துவிட்டால், பிறகு எவர் வந்து "ஃபார்மட் அடிக்கணும்" என்றாலும் பதற்றமின்றிச் சரி என்று சொல்லலாம்.