அகற்றிய திசு சொல்லும் செய்தி

புராஸ்டேட் சுரப்பியை அறுவை சிகிச்சையால் முழுமையாக அகற்றிய பின், நோயாளியும் குடும்பத்தினரும் கேட்கும் முதற்கேள்வி, "புற்றுநோய் மீண்டும் வருமா?" என்பதே. உறுதியான விடையை எவராலும் கூற இயலாது. ஆயினும், யாருக்கு வாய்ப்பு அதிகம், யாருக்குக் குறைவு என்பதை அகற்றப்பட்ட திசுவைக் கொண்டு பெருமளவு கணிக்கலாம்.

திசுவில் காண்பவை

அகற்றிய சுரப்பியின் வெளிப்புறத்தில் நோய்க்குறியியல் மருத்துவர் மை பூசுவார். பின்னர் அதனை ஃபார்மலினில் பதப்படுத்தி, மெழுகில் பதித்து, மிக மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் ஆராய்வார். புற்றணுக்கள் அந்த மையைத் தொட்டிருந்தால், வெட்டிய விளிம்பில் நோய் உள்ளது என்று பொருள். சுரப்பியின் உறையை நோய் தாண்டியுள்ளதா, விந்துப்பைக்கோ நிணநீர்க் கணுக்களுக்கோ பரவியுள்ளதா என்பனவும் அறிக்கையில் இடம்பெறும்.

அடுத்தது கிளீசன் மதிப்பெண். அமெரிக்க மருத்துவர் டொனால்டு கிளீசன் 1960களில் வகுத்த முறை இது. புற்றணுக்களின் அமைப்பு இயல்பிலிருந்து விலகும் அளவுக்கேற்ப எண் தரப்படும். மிகுதியாக உள்ள அமைப்பின் எண் முதலில் எழுதப்படும். 3+4, 4+3 இரண்டின் கூட்டுத்தொகையும் 7 தான். எனினும் பின்னதில் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுதல். ஆகவே இன்று 1 முதல் 5 வரையிலான தரக் குழுக்களும் குறிக்கப்படுகின்றன. 3+4 இரண்டாம் குழு, 4+3 மூன்றாம் குழு.

இவற்றோடு மூலக்கூறு அடையாளங்களும் உண்டு. அணு வளர்ச்சிக்குத் தடையாக நிற்கும் பி.டி.இ.என். மரபணு இழக்கப்பட்டிருப்பதும், பிளவுறும் அணுக்களைக் காட்டும் கே.ஐ.-67 உயர்ந்திருப்பதும் எச்சரிக்கைக் குறிகள். 22 மரபணுக்களின் செயற்பாட்டை அளக்கும் டெசைஃபர் போன்ற சோதனைகள் வெளிநாடுகளில் பயன்பாட்டில் உள்ளன. செலவு மிகுந்த இவை அனைவருக்கும் தேவையில்லை. சிகிச்சை முடிவை மாற்றக்கூடிய நிலையில் மட்டுமே பயன் தரும்.

கணிப்பிற்குப் பின் கண்காணிப்பு

திசு கூறுவது வாய்ப்பை மட்டுமே. நோய் உண்மையில் திரும்பியதா என்பதை முதலில் காட்டுவது பி.எஸ்.ஏ. என்னும் இரத்தப் பரிசோதனை. சுரப்பி அகற்றப்பட்ட 6 முதல் 8 வாரங்களில் இது அளவிட இயலாத அளவுக்குக் குறைய வேண்டும். பின்னர் 0.2 நானோகிராம் அளவை எட்டி, மறுபரிசோதனையிலும் அது உறுதியானால், நோய் திரும்பியதாகக் கொள்கிறோம்.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறேன். பரிசோதனைத் தாளில் "இயல்பு அளவு 4 வரை" என்று அச்சிடப்பட்டிருக்கும். அது சுரப்பி உள்ளவர்களுக்கானது. சுரப்பி அகற்றப்பட்டவருக்கு 0.5 என்பதும் இயல்பன்று. அந்தத் தாளைக் கண்டு நிம்மதியடைந்து வீட்டிலேயே இருந்துவிடலாகாது.

2020இல் வெளியான மூன்று ஆய்வுகள், அறுவைக்குப் பின் பலருக்கும் உடனே கதிர்வீச்சு அளிக்கத் தேவையில்லை, பி.எஸ்.ஏ. உயரத் தொடங்கும்போது அளித்தாலும் போதும் என்று காட்டின. ஆபத்து மிகுந்த சிலருக்கு மட்டும் உடனடிச் சிகிச்சை குறித்து ஆலோசிக்கப்படும். ஆனால் காத்திருப்பது பாதுகாப்பானதாக அமைய, பரிசோதனை தவறாது நடைபெற வேண்டும். பொதுவாக முதல் 5 ஆண்டுகள் 6 முதல் 12 மாதங்களுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் செய்யப்படும்; ஆபத்து மிகுந்தோர்க்கு இடைவெளி இன்னும் குறையும்.

தருவைகுளத்திலிருந்து தங்குகடல் மீன்பிடிக்கச் செல்வோரும், தோணியில் மாலத்தீவுக்குச் சரக்கேற்றிச் செல்வோரும், உப்பளத்தில் நாட்கூலிக்கு உழைப்போரும் தவணை நாளைத் தவறவிட நேர்வதுண்டு. புறப்படுமுன் பரிசோதித்துக்கொள்ள ஏற்பாடு செய்யலாம். தேதியை நினைவூட்டும் பொறுப்பை வீட்டில் ஒருவர் ஏற்பது நன்று.

திசு அறிக்கையையும் எல்லாப் பி.எஸ்.ஏ. தாள்களையும் ஒரே கோப்பில் வைத்திருங்கள். மெழுகுக் கட்டிகள் எங்கு பாதுகாக்கப்படுகின்றன எனக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னாளில் மறு ஆய்வோ மரபணுச் சோதனையோ தேவைப்பட்டால் அவையே உதவும்.