சோற்றில் கலக்கும் பொடியால் குடிநோய் தீராது

‘அவருக்குத் தெரியாமலே சாப்பாட்டில் கலந்து கொடுங்கள், குடியை விட்டுவிடுவார்’ என்று சொல்லி விற்கும் பொடியை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் மனைவிகளும் தாய்மார்களும்தான். வேறு வழி தெரியாமல் வாங்கும் அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்தப் பொட்டலத்தில் இருப்பது என்னவென்று அவர்களுக்குத் தெரியாது. டைசல்ஃபிரம் மாத்திரையைத் தூளாக்கிக் கலந்திருந்தால் ஆபத்து பெரிது. மருத்துவர்களும் இதைத் தருவதுண்டு. கல்லீரலையும் இதயத்தையும் சோதித்து, இதன்மேல் குடித்தால் என்ன ஆகும் என்று விளக்கி, நோயாளி சம்மதித்த பிறகே தருவார்கள். மது உடலுக்குள் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறி, பிறகு சிதைந்து வெளியேறும். அந்தச் சிதைவை இந்த மருந்து தடுத்துவிடும். விவரம் அறியாமல் குடிப்பவருக்கு முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம்.

‘மாலை போட்டால் ஒரு மண்டலம் தொடாமல் இருக்கிறாரே, மனசு வைத்தால் முடியாதா?’ என்று கேட்பவர்கள் உண்டு. உடல் இன்னும் மதுவுக்கு அடிமையாகாதவரால் முடியும். அவர்களிலும் மாலையைக் கழற்றிய அன்றே கடைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்! காலையில் குடித்தால்தான் கைநடுக்கம் நிற்கும் என்ற கட்டத்துக்கு வந்தவரின் நிலை வேறு. மதுவின் அமுக்கத்துக்கு ஈடுகொடுத்தே பழகிய மூளை, அது திடீரென்று நின்றதும் கட்டுக்கடங்காமல் கிளர்ந்தெழும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அடுத்து, இல்லாத உருவங்களைக் கண்டு அலறும் பிதற்றல் நிலை வரலாம். அது பேய்க்கோளாறும் அல்ல, நடிப்பும் அல்ல. கவனிக்காமல் விட்டால் சாவில் முடியக்கூடியது. இப்படிப்பட்டவரை வீட்டில் பூட்டிவைத்துக் குடியை நிறுத்தவே கூடாது. நடுக்கத்தைத் தணிக்கும் மருந்தும் பி1 வைட்டமினும் கொடுத்து, மருத்துவமனையில் சில நாட்களில் பத்திரமாகக் கரையேற்றிவிட முடியும்.

அந்தச் சிகிச்சையைக் கேட்பது நம் உரிமை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப்பொருள் பழக்கத்தால் வரும் மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்க்கிறது. அரசு செலவில் சிகிச்சை பெற வழிசெய்கிறது. ஆனாலும் எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார். ‘தானே தேடிக்கொண்ட நோய்க்கு வரிப்பணமா?’ என்ற ஆட்சேபம் எழும். பீடி புகைத்தவருக்குப் புற்றுநோய் வந்தால் அரசு மருத்துவமனை கதவைச் சாத்துவதில்லையே. தமிழ்நாட்டில் 2003 முதல் மதுவைச் சில்லறையில் விற்பதும் அரசின் டாஸ்மாக்தான். விற்ற வருமானத்தைப் பெறும் கை, விளைந்த நோயைக் கவனிக்க மறுப்பது அநியாயம்.

மறுவாழ்வு மையம் என்று பலகை மாட்டியிருந்தால் மட்டும் போதாது. சட்டப்படி பதிவு பெற்றிருக்கிறதா, மனநல மருத்துவர் வருகிறாரா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். நோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை அந்தச் சட்டமே தடைசெய்கிறது. அடி சிகிச்சையே அல்ல. குடி ஒரு நோய் என்பதற்காக வீட்டில் விழும் அடியைப் பெண்கள் பொறுத்துக்கொள்ள வேண்டியதும் இல்லை. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, வீடு கணவர் பெயரில் இருந்தாலும் அங்கே வசிக்க மனைவிக்கு உரிமை உண்டு. தேவைப்பட்டால் கணவரை வெளியேறச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம். அதற்கு 181-ஐயும், போதை மீட்புச் சிகிச்சை எங்கே கிடைக்கும் என்று அறிய 14446-ஐயும் அழைக்கலாம்.