எளிய பொறிகள்: பழைய காரின் சுக்கான் தண்டும் அதன் திருத்தமும்

எளிய பொறிகள் என்றதும் கப்பியையும் சாய்தளத்தையும் மட்டும் படித்துவிட்டுச் செல்லும் மாணவர் பலர். சில்லும் அச்சாணியும் என்னும் பொறிக்கு உதாரணம் கேட்டால், கிணற்றுத் துலாவை எழுதிப் புள்ளியை இழந்துவிடுகிறார்கள். நாம் ஸ்டியரிங் என்று சொல்லும் சுக்கான் இதற்கு மிகச் சிறந்த உதாரணம். பழைய காரில் அதன் பாகங்களைக் கண்ணால் பார்த்தே விளங்கிக்கொள்ளலாம்.

1. அமைப்பு

மொறிஸ் மைனர் காரை எடுத்துக்கொள்வோம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இக்கார் 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமானது. இலங்கை வீதிகளில் இன்றும் ஓடுகிறது. இதன் சுக்கான் தொகுதியின் பாகங்கள் வரிசையாக:

(அ) சுக்கான் சில்லு - சாரதி திருப்புவது.
(ஆ) சுக்கான் தண்டு - திருப்பத்தைக் கீழே கொண்டுசெல்வது.
(இ) சிறு பற்சில்லு - தண்டின் கீழ்முனையோடு இணைந்து சுழல்வது.
(ஈ) பற்சட்டம் - பற்சில்லு சுழல, இடம் வலமாக நகர்வது.
(உ) இணைப்புக் கோல்களும் பந்து மூட்டுகளும் - முன்சில்லுகளைத் திருப்புவன.

இங்கே சுழற்சி இயக்கம் நேர்கோட்டு இயக்கமாக மாறுவதைக் கவனிக்குக.

2. கணிப்பு

சுக்கான் சில்லின் ஆரை 20 சென்ரிமீற்றர், பற்சில்லின் ஆரை 1 சென்ரிமீற்றர் எனக் கொள்வோம்.

வேக விகிதம் = 20 ÷ 1 = 20

30 நியூற்றன் எத்தனத்தால் 450 நியூற்றன் சுமை நகருமாயின்,

பொறிமுறை நயம் = 450 ÷ 30 = 15
வினைத்திறன் = (15 ÷ 20) × 100 = 75%

மீதி 25% உராய்வுக்கு எதிராகச் செலவாகிறது.

இதன் மறுபக்கத்தையும் சிந்தியுங்கள். பற்களுக்கிடையில் 2 மில்லிமீற்றர் இடைவெளி உண்டானால், சுக்கான் விளிம்பை 2 × 20 = 40 மில்லிமீற்றர் திருப்பிய பின்னரே பற்சட்டம் அசையத் தொடங்கும். விசையைப் பெருக்கித் தரும் பொறி, தேய்வையும் பெருக்கிக் காட்டுகிறது. இந்த வீண் அசைவே வெற்றாட்டம். கராஜில் இதனைப் "பிளே" என்பர்.

3. வெற்றாட்டம் ஏன் ஆபத்தானது?

புத்தளத்திலிருந்து எலுவன்குளம் சென்று கலா ஓயாவின் சப்பாத்துப் பாலத்தைக் கடப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தாழ்ந்த பாலத்தில் வாகனம் ஓரத்தை நோக்கி இழுபடும்போது, முதல் 40 மில்லிமீற்றர் திருப்பத்துக்குச் சில்லுகள் பதிலளிக்காவிட்டால் என்ன நேரும்? பிரித்தானிய வாகனப் பரிசோதனையில், 380 மில்லிமீற்றர் வரை விட்டமுள்ள சுக்கானுடைய பற்சட்டத் தொகுதிக்கு 13 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட வெற்றாட்டம் அனுமதிக்கப்படுவதில்லை.

4. பழுதைக் கண்டறியும் முறை

காரைச் சமதரையில் நிறுத்தி, முன்சில்லுகளை நேராக வைக்கவும். ஒருவர் சுக்கானை இடம் வலமாக மெதுவாக அசைக்க, மற்றவர் பாகங்களை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டும். ஒரு பாகம் அசைந்து, அதற்கு அடுத்த பாகம் அசையவில்லையெனில், பழுது அவ்விரண்டுக்கும் இடையிலேயே உள்ளது.

- சுக்கான் மேலும் கீழும் ஆடினால்: தண்டின் மேற்புற புஸ் தேய்ந்துள்ளது. புதியது இடவேண்டும்.
- தண்டு அசைந்து பற்சில்லு அசையாவிட்டால்: கீழ்ப்பூட்டின் போல்ட் தளர்ந்திருக்கலாம், அல்லது தண்டின் உட்பற்கள் தேய்ந்திருக்கலாம். அப்போல்ட் பற்சில்லுத் தண்டிலுள்ள தவாளிப்பினூடாகச் செல்லவேண்டும். இல்லையேல் சுக்கான் தண்டு கழன்றுவிடக்கூடும்.
- பந்து மூட்டு ஆடினால்: மாற்றவேண்டும். ஒட்டுவேலை கூடாது.
- இறப்பர் உறை கிழிந்திருந்தால்: கரையோர மணலும் உப்பு ஈரமும் உட்புகுந்து பற்களைத் தேய்க்கும். உறையை மாற்றி, சரியான மசகிடவேண்டும்.

தண்டை மீண்டும் பூட்டும்போது முதலில் கீழ்ப்பூட்டையும், தண்டு தானாக நேர்கோட்டில் அமைந்த பின் மேற்பூட்டையும் இறுக்குக. மாறாக வளைத்துப் பூட்டினால் தண்டு இறுகி உராய்வு கூடும்.

5. இறுக்கினால் போதுமா?

போதாது. கார் பெரும்பாலும் நேராகவே ஓடுவதால், பற்சட்டத்தின் நடுப்பற்களே அதிகம் தேய்கின்றன. நடுவிலுள்ள ஆட்டத்தை நீக்கும் அளவுக்கு இறுக்கினால், தேயாத ஓரப் பற்கள் வளைவில் இறுகிப் பிடிக்கும். திருப்பிய சுக்கான் நேர்நிலைக்குத் திரும்பாது. ஆகவே, ஒவ்வொரு சீராக்கத்தின் பின்பும் முன்சில்லுகளை உயர்த்தி, சுக்கானை ஓர் எல்லையிலிருந்து மறு எல்லைவரை திருப்பிப் பார்க்கவேண்டும். எங்காவது இறுகினால், தேய்ந்த பாகத்தை மாற்றுவதே திருத்தம்.

இன்னொன்று: இக்காரின் தண்டு முன்மோதலில் மடியாது, சாரதியின் மார்பை நோக்கித் தள்ளப்படும். மோதலில் சுருங்கும் தண்டுகளை ஜெனரல் மோட்டர்ஸ் தனது 1967ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில் அறிமுகப்படுத்தியது.

பயிற்சி வினாக்கள்

1. மேலுள்ள சுக்கானில் 30 மில்லிமீற்றர் வெற்றாட்டம் காணப்படின், பற்களுக்கிடையிலான இடைவெளி யாது? (விடை: 1.5 மில்லிமீற்றர்)
2. மசகிடுவதால் வேக விகிதம் மாறுமா? பொறிமுறை நயம் மாறுமா? (விடை: வேக விகிதம் மாறாது, உராய்வு குறைவதால் பொறிமுறை நயம் கூடும்.)
3. தேய்ந்த பற்சட்டத்தை மேலும் இறுக்குவது ஏன் ஆபத்தானது? இரண்டு வாக்கியங்களில் எழுதுக.